ப்ரோவுக்கு ஏன் ‘நீங்க’?

சென்னை தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தால், எந்த இலக்கணப் புத்தகத்திலும் இல்லாத ஒரு விதி பிடிபடும். இரண்டு கையிலும் துணிப் பைகளோடு நெரிசலில் புகுகிற இளைஞன், வழியை அடைத்து நிற்கும் முன்பின் தெரியாத ஆளிடம் “ப்ரோ, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்கிறான். அடுத்த நிமிடமே கைப்பேசியில், மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் தனக்காகக் காத்திருக்கும் சிநேகிதனிடம் “மச்சி, எங்கடா இருக்க?” என்கிறான். ப்ரோவுக்கு ‘நீங்க’, மச்சிக்கு ‘நீ’யும் ‘டா’வும். இரண்டையும் மாற்றிப் போட்டுச் சொல்லிப் பாருங்கள். “மச்சி, தள்ளி நில்லுங்க” என்றால் கிண்டலாகக் காதில் விழும். “ப்ரோ, எங்கடா இருக்க” என்பது நாக்கில் சரியாக உட்காராது. ஆங்கிலம் புழங்கும் ஊர்களில் ‘ப்ரோ’ தோளில் கை போடுகிற சொல். இங்கே வந்ததும் அது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. தமிழ் இளைஞர்கள் நட்பைக்கூட ஆங்கிலத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று அவ்வப்போது புலம்பல் கேட்கிறது. நடந்தது கிட்டத்தட்ட நேர்மாறானது என்பது என் வாதம். ஆங்கிலத்தின் நெருக்கமான சொற்களை வாங்கி, தூரத்தில் இருப்பவர்களோடு மரியாதையாகப் பழகுவதற்குத்தான் இந்த நகரம் வைத்துக்கொண்டது. நெருக்கத்துக்கு அது வேறு ஒரு பழைய சொல்லைக் கைவிடவே இல்லை.

முதலில் ஆங்கிலத்தின் சட்டைப்பையைச் சோதித்துவிடலாம். நெருங்கிய நண்பனுக்கு அந்த மொழியில் வழங்கும் பேச்சுச் சொற்களை எடுத்து உதறினால், பெரும்பாலும் மூன்றே சாமான்கள்தான் கீழே விழுகின்றன: அறை, சாப்பாடு, ரத்தம். ‘சம்’ என்பது 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆக்ஸ்போர்டு மாணவர்களிடையே புழங்கிய சொல். ஒரே அறையில் தங்குபவன் என்று பொருள். ‘சேம்பர்’ தேய்ந்து அப்படி ஆயிற்று என்பது பொதுவான கருத்து. அது கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. கல்யாணமாகாத வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் கூட்டாக வாடகை கொடுத்துத் தங்கிய வீட்டுக்குச் ‘சம்மரி’ என்று பெயர். நம் பேச்சிலர் மேன்ஷனுக்குத் தாத்தா என்று சொல்லலாம். ‘காம்ரேட்’ ஸ்பானிய மொழியில் அறைத்தோழன். ‘கிளாஸ்மேட்’, ‘ரூம்மேட்’ என்று நாமும் தாராளமாகப் புழங்குகிற அந்த ‘மேட்’, பழைய ஜெர்மானியக் கிளைமொழி ஒன்றில் கூட உட்கார்ந்து சாப்பிடுபவன். ‘கம்பேனியன்’ லத்தீனில் ஒரே ரொட்டியைப் பிட்டுத் தின்பவன். ‘ப்ரோ’வும் ‘பிரதரும்’ நேரடியாக ரத்தம். அமெரிக்கர்களின் ‘படி’யும் ‘பிரதர்’ சிதைந்து பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். இவற்றில் சுவாரஸ்யமானது, ‘பென்-பால்’ என்று பேனா நண்பர்களைச் சொல்வோமே, அந்தப் ‘பால்’. ஐரோப்பாவில் நாடோடிகளாகத் திரிந்த ரோமா மக்களின் மொழியில் ‘ப்ரல்’ என்றால் சகோதரன். ஆங்கிலம் அதைத்தான் எடுத்துக்கொண்டது. ரோமாக்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து மேற்கே போனவர்கள். ‘ப்ரல்’, வடமொழி ‘ப்ராதா’வின் வழியில் வந்த சொல். ஆக, லண்டன்காரன் நண்பனை அழைக்கிற சொல்லே இங்கிருந்து கால்நடையாகப் போய்ச் சேர்ந்த அண்ணன்தம்பி உறவுதான்.

தமிழில் அண்ணன்தம்பி உறவின் கதை வேறு. ஒரு தகப்பன் சொத்தைப் பங்கு பிரிக்கிறவன் பங்காளி. வரப்புத் தகராறு, பொதுச்சுவர், கிணற்றுத் தண்ணீர் முறை, கோர்ட்டு வாய்தா எல்லாம் அந்தப் பக்கத்துச் சமாசாரம். அதற்கு எதிர்ப்பக்கம் இருப்பவன் மச்சான். அத்தை மகன், மாமன் மகன், அக்காள் புருஷன், மனைவியின் அண்ணன்தம்பி என்று பல பேரை ஒரே சொல்லில் அடக்குகிறது தமிழ். இந்த அடக்கத்தின் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. என் அப்பாவின் மச்சான் எனக்கு மாமன். அந்த மாமன் மகன் எனக்கு மச்சான். அவன் பிள்ளை என் பிள்ளைக்கு மச்சான். கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் ‘முறை’ தலைமுறை தலைமுறையாக இறங்கிக்கொண்டே வருகிறது. அமெரிக்க அறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871-ல் வெளியிட்ட உறவுமுறை ஆய்வு நூலில் தமிழ் உறவுப் பெயர்களைக் கண்டு வியந்து, அமெரிக்கப் பழங்குடிகளின் உறவுமுறையோடு அவற்றை ஒப்பிட்டார். 1949-50-ல் மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆராய்ந்த பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன், இந்த அமைப்பில் மணவுறவு என்பது ஒரு நாள் நிகழ்ச்சியல்ல, சொத்தைப்போல வாரிசுக்கு இறங்குகிற ஒன்று என்று 1953-ல் எழுதினார். சொத்து போலத்தான், ஆனால் சண்டை போட அதில் பங்கு எதுவும் கிடையாது. மச்சானிடம் இழக்க ஒன்றுமில்லை. கேட்க உரிமை உண்டு. கேலி செய்ய முழு அனுமதி உண்டு. கேலி செய்தே தீர வேண்டும், கேட்பவன் கோபப்படக் கூடாது என்றிருக்கும் இத்தகைய உறவுகளைப் பற்றி மானுடவியலாளர் ராட்க்ளிஃப்-பிரௌன் 1940-ல் ஒரு தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். நெருங்கிய நண்பனை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எது?

இது தமிழின் தனிக் குணம் என்று மார் தட்டுவதற்கில்லை. மலையாளி நண்பனை ‘அளியா’ என்கிறான்; தெலுங்கன் ‘பாவா’ என்றும் ‘மாமா’ என்றும் கூப்பிடுகிறான். எல்லாம் சம்பந்தி பக்கத்து உறவுகள். விந்திய மலையைத் தாண்டிப் பாருங்கள்: மனைவியின் சகோதரனைக் குறிக்கும் ‘சாலா’ இந்தியில் வசவு. ஒரே உறவு, தெற்கே கொஞ்சல், வடக்கே திட்டு. காரணம் கல்யாண ஏற்பாட்டிலேயே இருக்கிறது. வடக்கின் பெரும்பகுதியில் பெண் எடுத்த வீடு ஒரு படி மேல், பெண் கொடுத்த வீடு ஒரு படி கீழ். பெண் கொடுத்தவனாகச் சுட்டுவதே இழிவு. தெற்கே இன்று பெண் கொடுத்தவன் நாளை பெண் எடுப்பான், கணக்கு நேராகிவிடும். மச்சானுக்கு மச்சான் சமம். அந்தச் சமத்துவம்தான் கடல் தாண்டியும் பயணப்பட்டிருக்கிறது. இலங்கையில் சிங்களவர்களும் நண்பனை ‘மச்சான்’ என்கிறார்கள். சிங்கள இளைஞர்களைப் பற்றி உபெர்த்தோ பசோலினி என்ற இத்தாலியர் 2008-ல் எடுத்த படத்துக்குப் பெயரே ‘மச்சான்’. மலேசியாவில் அது ‘மச்சா’ ஆகி, சீனரும் மலாய்க்காரரும்கூடச் சொல்கிறார்கள்.

சரி, இதில் தியாகராய நகருக்கு என்ன வேலை? கிராமத்தில் ‘மச்சான்’ என்பது முதலில் ஒரு தகவல், அன்பெல்லாம் அப்புறம். அது சரியாக இருக்க வேண்டும். பங்காளி முறை உள்ளவனை வாய் தவறி மச்சான் என்றால் கேட்டவர்கள் முகம் சுளிப்பார்கள், ஏனென்றால் அவன் தங்கை உங்களுக்கும் தங்கை. யார் யாருக்கு என்ன முறை என்பது ஊரே மனப்பாடம் செய்து வைத்திருக்கிற வாய்ப்பாடு. தியாகராய நகர் அந்த வாய்ப்பாடு செல்லாத ஊர். வெள்ளைக்காரர்கள் படகுப் பந்தயம் விட்டு விளையாடிய லாங் டேங்க் என்ற நீண்ட ஏரியை 1923-லிருந்து வற்றவைத்து, நடுவில் பனகல் பூங்காவை வைத்து, நாற்புறமும் தெரு கிழித்து, 1925-ல் மறைந்த பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரைச் சூட்டி உண்டாக்கிய புறநகர் அது. தெருப் பெயர்கள்கூட நீதிக்கட்சித் தலைவர்களையும் அதிகாரிகளையும் கொண்டு சூட்டப்பட்டவை. பழைய ஊர்ப்பெயர், குலப்பெயர் என்று எதுவும் ஒட்டவில்லை. (மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு மட்டும் இன்னும் இருக்கிறது, ஏரியும் இல்லை, பார்வையும் இல்லை.) 1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியதும் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கியவர்கள் தஞ்சாவூர்க்காரர், நெல்லூர்க்காரர், திருநெல்வேலிக்காரர் என்று ஆளுக்கொரு ஜில்லா. அடுத்த வீட்டுக்காரன் உங்களுக்கு என்ன முறை என்று சொல்ல ஊர்ப்பெரியவர் யாரும் இல்லை. முறை தெரியாதபோது தப்பாகச் சொல்லவும் வாய்ப்பில்லை. தகவலாக இருந்த சொல் இப்படித்தான் பட்டணத்தில் வெறும் பிரியமாக மாறியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. ‘மச்சான்’ நறுங்கி ‘மச்சா’, ‘மச்சி’ ஆனதும், ‘மாமா’ குழைந்து ‘மாமே’ ஆனதும், பிற்பாடு அதற்கு ஆங்கிலப் பன்மை வால் ஒட்டி ‘மாம்ஸ்’ ஆனதும் அந்த விடுதலையின் அடையாளங்கள். உண்மையான அத்தை மகனை யாரும் ‘மாம்ஸ்’ என்று கூப்பிடப் போவதில்லை.

நெருங்கியவனுக்குச் சொல் கிடைத்தாயிற்று. ஆனால் அந்நியர்களால் ஆன ஊருக்கு அதைவிடப் பெரிய தேவை, அந்நியனைக் கூப்பிட ஒரு சொல். ‘சார்’ ஆபீஸ் வாடை அடிக்கும். சொல்பவனைக் கீழே தள்ளிவிடும். ‘அண்ணா’, ‘தம்பி’ என்றால் எதிராளியின் முகத்தைப் பார்த்து வயதைக் கூட்டிக் கழிக்க வேண்டும். நாற்பதுகளில் இருப்பவரை ‘பெரியவரே’ என்றவன் பாடு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே நகரம் சொல் மாற்றிச் சொல் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தது: ‘வாத்யாரே’, ‘தலைவா’, ‘பிரதர்’, ‘பாஸ்’, ‘ஜி’. ‘பாஸ்’ டச்சுக்காரர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன, எஜமான் என்று பொருள்படும் சொல். இங்கே பஸ் ஸ்டாப்பில் மணி கேட்கப் பயன்பட்டது. இவை அத்தனைக்கும் ‘நீங்க’தான் பொருத்தம். ‘ப்ரோ’ இந்த வரிசையின் கடைசி ஆள். வயது கேட்காது, பதவி கேட்காது, சாதி கேட்காது. சாப்பாடு கொண்டுவரும் பையனுக்கும் கொடுத்தனுப்பச் சொன்னவனுக்கும் நடுவே, “ப்ரோ, லிஃப்ட் பக்கத்துல வெய்ட் பண்றேன், வாங்க” என்று இரண்டு பக்கமும் ஒரே சொல் போய் வருகிறது. ‘சார்’ அப்படிப் போய் வராது, ஒரு பக்கம்தான் ஏறும்.

அரசியலும் இதே சிக்கலைத் தன் வழியில் எதிர்கொண்டது. 1932-ல் ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்பிய பெரியார், ஸ்ரீ, திரு, மகா கனம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ‘தோழர்’ என்று அழைக்கச் சொன்னார். சங்கப் பாட்டுகளில் தோழன், தோழி என்று நெருக்கமாக வளைய வந்த சொல்லுக்கு, ‘ர்’ விகுதி சேர்ந்ததும் கஞ்சி போட்ட வேட்டியின் விறைப்பு வந்துவிட்டது. அந்தரங்கத் துணை பொதுவெளிச் சமத்துவத்தின் அடையாளமானது. அதன் முகவரி இன்று தியாகராய நகர்தான். மார்க்சிஸ்ட் கட்சியின் மாநில அலுவலகம் வைத்தியராமன் தெருவில் இருக்கிறது. அதே தெருவில் பாரதிய ஜனதாவின் கமலாலயம். ஒரு கட்டடத்தில் ‘தோழர்’, சில கட்டடம் தள்ளி ‘ஜி’. அந்த ‘ஜி’யை முறைப்படி சொல்லிக்கொடுக்கிற, 1918-ல் காந்தி தொடங்கிவைத்த இந்திப் பிரச்சார சபாவும் இதே பேட்டையில். சண்டைக்காரர்கள் என்றாலும் இரண்டு சொல்லுக்கும் வேலை ஒன்றே. அறிமுகமில்லாதவனை ஒரே நொடியில் உள்ளே சேர்த்துக்கொள்வது, ஆனால் அளவோடு. திராவிடக் கட்சிகள் ரத்தத்துக்குப் போயின. அண்ணா ‘தம்பி’க்குக் கடிதம் எழுதினார், கருணாநிதி ‘உடன்பிறப்பு’க்கு எழுதினார், ஆற்காடு தெரு வீட்டிலிருந்து அரசியல் நடத்திய எம்.ஜி.ஆருக்குத் தொண்டன் ‘ரத்தத்தின் ரத்தம்’. எந்தக் கட்சியும் தன் தொண்டனை ‘மச்சான்’ என்றதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அண்ணன்தம்பி என்றால் மேல் கீழ் தெளிவாக இருக்கும், தம்பி கேட்டுக்கொள்வான். மச்சான் தலைவரையே கேலி பண்ணுவான். எந்த மேடை அதைத் தாங்கும்?

இங்கே ஒரு மதுரைக்காரர் எழுந்து நின்று, “எங்க ஊர்ல பங்காளின்னுதானே கூப்பிடுறோம்?” என்று கேட்பார். நியாயமான கேள்வி. மதுரையிலும் கொங்கிலும் ‘பங்காளி’, ‘பங்கு’ நட்புச் சொற்கள்தாம். தெற்கே போனால் ‘சேக்காளி’, ‘மக்கா’. ரங்கநாதன் தெருவின் பெரிய கடைகளில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கிற, ‘அங்காடித் தெரு’ படம் 2010-ல் காட்டிய தென்மாவட்டப் பிள்ளைகளின் வாயில் இவையெல்லாம் இந்தப் பேட்டையிலேயே கேட்கும். ஆனால் ‘பங்காளி’ என்று நண்பனை அழைக்கிறவன் அந்த உறவின் சண்டையையும் சேர்த்தே விளையாட்டாக்குகிறான்; “உன் டீயில் பாதி எனக்கு” என்கிற தொனி அதில் உண்டு. தவிர, ஒரே வகையறாவைச் சேர்ந்த இரண்டு பையன்கள் மச்சான் என்று அழைத்துக்கொள்ள முடியாது. அவர்களுக்கு இருக்கிற ஒரே வழி பங்காளியைப் பிரியமாக்குவதுதான். முறை இன்னும் உயிரோடு இருக்கிற இடங்களில் இந்தச் சொல் செழிப்பதும், முறை அற்றுப்போன சென்னையில் அது வெளியூர்ச் சொல்லாகவே நிற்பதும் என் வாதத்துக்கு அனுகூலமே ஒழிய எதிரி அல்ல.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. எளிதில் தட்டிவிட முடியாதது. ‘மச்சான்’ சமத்துவத்தின் சொல் என்றால், அது எந்தச் சமத்துவம்? உன் வீட்டில் நான் பெண் எடுப்பேன், என் வீட்டில் நீ எடுப்பாய் என்பதுதானே அதன் அடிப்பொருள். சாதி தடுத்து வைத்திருப்பதும் சரியாக அதைத்தான். கல்லூரி விடுதியில் நாலு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டு, மச்சி மச்சி என்று அழைத்துக்கொண்ட இருவரில் ஒருவன், மற்றவனின் தங்கையை உண்மையிலேயே கட்டிக்கொள்ள வந்து நின்றால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? அந்தச் சொல் பட்டணத்தில் சுதந்திரமாகச் சுற்றுகிறது என்பது உண்மை. அது காசாக மாறாத காசோலை என்பதும் உண்மை. உறவைச் சொல்லலாம், உறவாக முடியாது. இந்த இடத்தில் ‘ப்ரோ’வும் ‘பிரெண்டு’ம் நேர்மையானவை என்று வாதிடுகிறவர்களை நான் மறுக்க மாட்டேன். நிறைவேற்றாத எந்த வாக்குறுதியையும் அவை தருவதில்லை. ஆனால் நேர்மையான சொல்தான் நெருக்கமான சொல்லாகும் என்று மொழியில் சட்டம் எதுவும் கிடையாது. நடக்க முடியாத சம்பந்தத்தைத் தினமும் இருபது தடவை வாயால் நடத்திக்கொள்வதில் ஒரு ஏக்கமும் இருக்கலாம், ஒரு சின்ன எதிர்ப்பும் இருக்கலாம்.

ஆங்கிலம் உண்மையிலேயே ஒரு பள்ளத்தை நிரப்பிய இடம் ஒன்று உண்டு. அது ஆணும் பெண்ணும் சந்திக்கிற இடம். நம் உறவுமுறையில் சம வயதுப் பெண் ஒருத்தி ஒருவனுக்கு ஒன்று தங்கை அல்லது முறைப்பெண். மூன்றாவது அறை அந்த வீட்டில் கட்டப்படவில்லை. ஒரு பெண் ‘மச்சான்’ என்று சொன்னால் அது காதலனுக்கோ கட்டினவனுக்கோ உரிய கொஞ்சல். ‘அண்ணா’ என்றால் கதவைச் சாத்தியாயிற்று என்று பொருள், கல்லூரிப் பெண்கள் அதைக் கேடயமாகவே பிடிக்கிறார்கள். ‘நண்பன்’, ‘சிநேகிதி’ என்ற சொற்களோ விகுதியிலேயே ஆண் பெண்ணைக் காட்டிக் கொடுத்துவிடும். ‘பிரெண்டு’ காட்டிக் கொடுக்காது. “பிரெண்டு வீட்டுக்குப் போறேன், அவங்க இருக்கச் சொன்னாங்க” என்று மகள் சொல்கிற வாக்கியத்தில் அப்பா எங்கே தேடினாலும் பால் கிடைக்காது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லும் தமிழ் மரியாதைப் பன்மையும் கூட்டுச் சேர்ந்து செய்த காரியம் அது. அண்மையில் அந்த மூன்றாவது அறைக்குத் தனிப் பலகையே மாட்டியாயிற்று: ‘பெஸ்டி’. ஆங்கிலத்தில் அது யாருக்கும் பொதுவான உயிர்த்தோழமை. பெரும்பாலும் பெண்ணுக்குப் பெண். தமிழில் அது காதலனுக்கு ஒரு முழம் குறைவாகவும் சிநேகிதனுக்கு ஒரு முழம் கூடுதலாகவும் நிற்கிற எதிர்ப்பாலினத்து ஆள். காதலன்மாரின் புலம்பலுக்கும் மீம்களுக்கும் நிரந்தரச் சரக்கு. வாங்கிய சொல்லை நம் உறவுமுறையின் ஓட்டைக்கு ஏற்றபடி வெட்டித் தைத்திருக்கிறார்கள். பாண்டி பஜார் தையல்காரர்கள் ஆயத்த ஆடையைப் பிடித்துக் கொடுப்பதுபோல.

பெண்கள் தங்களுக்குள் என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று கேட்டால் கதை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. நாத்தனார், ஓர்ப்படியாள் என்று பெண்களுக்கு வாய்த்த சம்பந்தி உறவுகள் சமையலறைப் போட்டியின் நினைவோடு வருபவை. அவற்றில் ஒன்றும் நட்புக்குத் தேறவில்லை. அதனால் இன்றைய கல்லூரிப் பெண்கள், அலுவலகப் பெண்கள் நேராக ஆண்களின் ‘மச்சி’யையே எடுத்துக்கொண்டார்கள். பெரியவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்துகிறது; ஆம்பிளைப் பேச்சு என்கிறார்கள். ஆனால் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில் ‘மச்சி’ என்றால் மதினி. யாழ்ப்பாணத்தில் ‘மச்சாள்’ என்று பெண்பாலே தனியாக உண்டு. உஸ்மான் ரோடு நகைக்கடை வாசலில், தோடு மாட்டிப் பார்க்கும் தோழியைப் பார்த்து “மச்சி, அது வேணாம்டி, இதை எடு” என்கிறவளுக்கு இந்தத் தகவல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவள் வாக்கியத்தின் கடைசியில் ‘டி’ இருக்கிறது. இரண்டு நிமிடம் கழித்து, பில் போடுகிற பையனிடம் அவளே கேட்கிறாள்: “ப்ரோ, கார்டு எடுப்பீங்களா?”